சங்கொலியும் தேநீர்க் கடையும்
தங்கவயல் சிற்றுண்டிக் கடைகளின் வரலாறு

தங்கவயலின் வரலாற்றைக் கூறுவோர் சுரங்கத்தின் ஆழத்தைக் கூறுவர். எடுத்த பொன்னின் எடையைக் கூறுவர். ஆண்ட கம்பெனிகளின் பெயர்களை வரிசைப்படுத்துவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டருக்கு மேல் இறங்கியது என்பதும், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன் அளவிற்குப் பொன் இம்மண்ணிலிருந்து வெளிவந்தது என்பதும் நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகளே. ஆயின், அப்பொன்னை எடுத்த தொழிலாளி விடியுமுன் எங்கே நின்று தேநீர் பருகினான், இரவு ஷிப்டு முடிந்து மேலேறி வந்தவனுக்குச் சூடாக இட்லி எடுத்து வைத்தவர் யார், கையில் காசில்லாத நாளில் அவனுக்கு உணவளித்தவர் யார் என்பவற்றை எழுதுவார் அருகியே காணப்படுகின்றனர். பெருங்கட்டடங்களுக்குக் கல்வெட்டு உண்டு. தேநீர்க் கடைக்குக் கல்வெட்டு ஏது?

உணவு விற்பது தமிழர்க்குப் புதிய தொழிலன்று. அப்பம் சுட்டு விற்போரைக் 'கூவியர்' என்னும் பெயரால் சிலப்பதிகாரம் குறிக்கிறது. பூம்புகாரின் வீதியில் பெருவணிகர் மாளிகைகளோடு அப்பக்காரர்க்கும் இடமளித்த இளங்கோவடிகளின் பெருநோக்கை நாமும் பின்பற்றுவோமாயின், தங்கவயலின் வரலாற்றில் நம் சிற்றுண்டிக் கடைகளுக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்க வேண்டும். அவ்வதிகாரத்திற்கு ஒரு முன்னுரையாக இக்கட்டுரை அமைகின்றது.

பல ஊர் மக்கள், ஒரே பசி

அயர்லாந்து நாட்டவரான மைக்கேல் லவெல் என்னும் முன்னாள் படைவீரர் 1873-ஆம் ஆண்டில் இப்பகுதியில் பொன் தேடும் உரிமையை மைசூர் அரசிடம் கேட்டார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். அதன் பின்னரே மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுருகம் முதலிய சுரங்கங்கள் பெருகின. வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்தனர். சென்னையிலிருந்து சோலையார்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு 1864-இலேயே புகைவண்டி ஓடத் தொடங்கியிருந்தது. 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை பதினாறு கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதை திறக்கப்பட்டது. பௌரிங்பேட்டை என்பது இன்றைய பங்காருப்பேட்டையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர் தொகை முப்பதாயிரத்தை ஒட்டி வளர்ந்தது.

இவ்வாறு வந்தவர்களுட் பலர் முதலில் தனியாகவே வந்தனர். மனைவியும் தாயும் ஊரிலிருக்க, தட்டிகளால் அடைத்த வீடுகளில் நால்வரும் ஐவரும் சேர்ந்து வாழ்ந்தனர். எட்டு மணி நேரம் பாறையைத் துளைத்துவிட்டு வருபவனுக்கு விறகு தேடி உலை வைக்க நேரமுமில்லை, வலிமையுமில்லை. ஆகவே தொழிற்சாலை பிறந்த இடத்திலெல்லாம் சோற்றுக் கடையும் உடன் பிறக்கிறது. பம்பாயின் ஆலைப் பகுதிகளில் மராத்தியப் பெண்கள் தொழிலாளர்க்குச் சமைத்துப் போட்ட 'காணாவளி'கள் இவ்வாறே தோன்றின.

கம்பெனியாரோடு வந்த கார்ன்வால் நாட்டுச் சுரங்கத்தார் 'பேஸ்டி' என்னும் பண்டத்தை உண்பவர்கள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மாவால் மூடிச் சுட்ட அப்பண்டம், தட்டும் கரண்டியுமின்றிச் சுரங்கத்தினுள்ளே கையிற் பிடித்துத் தின்ன ஏற்றது. நம்மவரின் தூக்குப் பாத்திரத்தில் களியும் கூழும் பழையதும் சென்றன. கீழே செல்லச் செல்ல வெப்பம் மிகும். சாம்பியன் ரீஃபின் அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்டது. அங்கு உழைப்பவன் வியர்வையோடு உப்பையும் இழக்கிறான். உப்பிட்ட நீராகாரமும், ஊறுகாயும், கேழ்வரகுக் கூழும் அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்தன. ஏழைமையால் உண்ட உணவே உடலுக்கு ஏற்ற உணவாகவும் அமைந்தது. இவ்வாற்றான் மேலேறி வந்தவன் முதலில் நாடியதும் உறைப்பும் உப்பும் மிக்க பண்டமே. நம் பக்கத்துக் கடைகளில் சட்டினி காரமாக இருப்பது ஏன் என்று வினவும் வெளியூர் உறவினருக்கு இதனையே விடையாகக் கூறலாம்.

தேநீர் வந்த கதை

இன்று தேநீரின்றித் தமிழனுக்குப் பொழுது விடிவதில்லை. ஆயின் நம் கொள்ளுப்பாட்டனாரின் காலத்தில் நீராகாரமே காலைப் பானம். காப்பிச் செடி பாபா புதன் மலையில் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஊன்றப்பட்டது என்பது மரபு; எனினும் காப்பி குடிக்கும் வழக்கம் நகரத்து நடுத்தர வீடுகளில் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். 'காபி கிளப்' என்னும் பெயர்ப் பலகைகள் அக்காலத்தில் எழுந்தன.

தேயிலையின் கதை வேறு. அதனைப் பரப்புவதற்கென்றே ஓர் ஏற்பாடு நடந்தது. 1903-ஆம் ஆண்டில் ஏற்றுமதியாகும் தேயிலையின்மீது ஒரு சிறுவரி விதிக்கப்பட்டு, அப்பணம் தேநீர்ப் பழக்கத்தைப் பரப்பச் செலவிடப்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் தேநீர்க் கடைகள் வைக்கப்பட்டன. புகைவண்டி நிலையங்களில் கெண்டியும் குவளையும் ஏந்தியவர்கள் பெட்டிதோறும் சென்று விற்றனர். தேநீர் தயாரிக்கும் முறையை விளக்கும் விளம்பரத் தகடுகள் நிலையங்களில் தொங்கின. முப்பதுகளிலும் இம்முயற்சி தொடர்ந்தது. தேயிலை வணிகர் தம் பண்டம் விற்கவே இவ்வளவும் செய்தனர் என்பது உண்மை. எனினும் அவர்கள் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. பாலைப் பெருக்கி, சர்க்கரையைக் கூட்டி, தூளைக் கொதிக்கவைத்து, நம்மவர் தேநீரைத் தம் வழிக்குத் திருப்பிக்கொண்டனர். பசித்தவனுக்கு அது பானமாக மட்டுமன்றி அரை உணவாகவும் ஆயிற்று. ஒரு குவளைத் தேநீரும் ஒரு பன்னும் உண்டு எட்டு மணி நேர வேலைக்கு இறங்கியவர் நம்முள் எத்தனை பேர்!

சங்கே கடிகாரம்

மற்ற ஊர்களில் கடை திறப்பது கதிரவனைப் பார்த்து. தங்கவயலில் சங்கைக் கேட்டு. சிவசமுத்திரத்தில் காவிரி வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து இங்கு வந்தது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல் தான். இயந்திரங்கள் இரவும் பகலும் சுழன்றன. ஷிப்டுகள் மாறி மாறி நடந்தன. எனவே அடுப்பும் அணையாமல் எரிந்தது. ஒருவனுக்குக் காலைச் சிற்றுண்டியாவது அதே வேளையில் மற்றொருவனுக்கு இரவு உணவாகும். நள்ளிரவில் இட்லி உண்பவனைக் கண்டு எவரும் வியப்பதில்லை. 'காலை வணக்கம்' என்பதா, 'நல்லிரவு' என்பதா என்று தெரியாததனாலேயே நம்மூர்க் கடைக்காரர்கள் 'வாப்பா' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள் போலும்!

சங்கு குறித்த நேரமன்றி வேறு நேரத்தில் ஒலித்தால் கடையில் பேச்சு நின்றுவிடும். பாறை வெடிப்போ, வேறு விபத்தோ நேர்ந்ததென்பது அதன் பொருள். செய்தி அறியும் வரை எவரும் குவளையைத் தொடமாட்டார். யார் எந்த ஷிப்டில், எந்தச் சுரங்க வாயில் இறங்கினார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். ஏனெனில் இறங்குமுன் தேநீர் அருந்தியது அவரிடமன்றோ! வீட்டிலிருந்து ஓடிவரும் பெண்கள் கம்பெனியின் வாயிலுக்குச் செல்லுமுன் கடைக்காரரிடமே கேட்டார்கள். கம்பெனியின் பதிவேட்டுக்கு நிகரான மற்றொரு பதிவேடு அவருடைய நினைவில் இருந்தது.

ஒரே பலகை

இனி, இவ்வரலாற்றின் தலையாய செய்திக்கு வருவோம். நம் முன்னோர் விட்டுவந்த ஊர்கள் பலவற்றில் தேநீர்க் கடையிலும் இரட்டைக் குவளை முறை இருந்தது. ஒருசாரார் உள்ளே அமர்ந்து கண்ணாடிக் குவளையில் பருகுவர். மற்றொருசாரார் வெளியே குந்தி, தமக்கெனத் தனியே வைத்த குவளையில் வாங்கிப் பருகி, அதனைத் தாமே கழுவி வைக்க வேண்டும். நகரத்திலும் இந்நிலை வேறு உருவில் இருந்தது. நான் பணிபுரியும் புகைவண்டித் துறையிலும் நிலைய உணவகங்களில் பிராமணர்க்கும் மற்றையோர்க்கும் தனித்தனி இடங்கள் முற்காலத்தில் இருந்தன. நீதிக்கட்சியாரும் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் இதனை எதிர்த்து நெடுங்காலம் குரல் கொடுத்தனர். 1941-ஆம் ஆண்டிலேதான் இவ்வேறுபாடு நீக்கப்பட்டது.

தங்கவயலில் சாதி இல்லாதிருந்தது என்று கூறின் அது பொய்யாகும். லைன்களிலும் சாதி இருந்தது, கோயில்களிலும் இருந்தது. ஆயினும் தொழிலின் இயல்பு அதனைத் தளர்த்தியது. ஒரே கூண்டில் தோளோடு தோள் நெருங்கி இறங்குவோர், மேலேறி வந்தபின் தனித்தனிப் பலகையில் அமர்வது எங்ஙனம்? கீழே இடிபாட்டில் சிக்கினால் தூக்கிவிடும் கை எந்தக் குலத்தது என்று எவரும் ஆராய்வதில்லை. இவ்வுணர்வுக்கு அறிவு வலிமையும் சேர்ந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் தொடங்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திலும் கிளை விட்டது. அவர் 1907-இல் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலை ஒரு பைசாவே. பின்னாளில் 'தமிழன்' இதழ் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. சிறுகாசுக்குப் பண்டம் வாங்கும் தொழிலாளி, சிறுகாசுக்கே தன்மானத்தையும் படித்தறிந்தான்.

1950-ஆம் ஆண்டு சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடைகளுக்கும் பொது உணவு விடுதிகளுக்கும் செல்வதில் சாதி, சமயம் முதலியவற்றைக் காட்டி எவரையும் தடுத்தலாகாது என்று பெயர் சொல்லியே விதிக்கிறது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் அத்தடையைத் தண்டனைக்குரியதாக்கியது. நாட்டின் தலைமைச் சட்டத்தில் உணவு விடுதிக்கு ஏன் இடமளிக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். மனிதனை மனிதன் மதிக்கின்றானா என்பது முதலில் வெளிப்படும் இடம் கோயிலுமன்று, மன்றமுமன்று. குவளை கைமாறும் இடமே. இதனை அறிந்த பெரியோர் அச்சட்டத்தை வகுத்தனர்.

படிக்கத் தெரிந்த ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, பத்துப் பேர் செவிமடுக்கும் வழக்கமும் கடைகளிலேயே வளர்ந்தது. 1942-இல் தோன்றிய 'தினத்தந்தி' எளிய நடையால் இவ்வழக்கத்திற்குப் பெரிதும் துணைசெய்தது. இங்கு நம்மைச் சூழ்ந்துள்ள மொழி கன்னடம். எல்லைக்கு அப்பால் தெலுங்கு. பள்ளியில் தமிழ் பயிலும் வாய்ப்புப் பெறாத எத்தனையோ பிள்ளைகள், தந்தையாரோடு கடைப்பலகையில் அமர்ந்து தலைப்புச் செய்திகளை எழுத்துக்கூட்டியே தமிழ் கற்றனர். தமிழ் வளர்த்த சங்கங்களுள் தேநீர்க் கடையையும் ஒன்றாகக் கொள்வதில் நம் சங்கத்தார்க்கு மனக்குறை இராதென்று நம்புகிறேன்.

இலையில் கண்ட ஒற்றுமை

எந்நிலத்தார் வந்து கலந்தனர் என்பதைக் கடையின் பண்டங்களே காட்டும். இட்லியும் வடையும் நம்மோடு வந்தவை. காராபாத்தும் கேசரிபாத்தும், இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் சௌசௌபாத்தும், செட் தோசையும் கன்னட நாட்டின் கொடை. பிரியாணி ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் கைப்பக்குவம். நம் முன்னோர் வந்த அதே இருப்புப்பாதையில் வந்தது. ரொட்டியும் பன்னும் கேக்கும் வெள்ளையரும் ஆங்கிலோ-இந்தியரும் வாழ்ந்த பகுதிகளின் பேக்கரி வழியே நம் கடைக் கண்ணாடிப் புட்டிகளுக்கு இறங்கின. புலால் உணவு கிடைக்கும் கடைக்கு இப்பகுதியில் 'மிலிட்டரி ஓட்டல்' என்று பெயர். அங்கே கன்னடத்தார் 'முத்தே' என்று கேட்பதும், நாம் 'களி' என்று கேட்பதும் ஒரே பானையிலிருந்து வரும் ஒரே கேழ்வரகு உருண்டையே. கோலார் மாவட்டம் கேழ்வரகுக்குப் பேர் பெற்றது. வட ஆர்க்காட்டு உழவனுக்கும் அதுவே உணவு. ஆகவே புதிய நாட்டில் முதல் உருண்டையை விண்டபோது நம் பாட்டனார் அயலாராகத் தம்மை உணர்ந்திரார்.

'பைட்டூ' என்னும் வழக்கத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஒரு காப்பியை இரு குவளைகளில் பகிர்ந்து கேட்பது அது. கருநாடகத்தில் இதனைக் கேட்க எவரும் நாணுவதில்லை; கொடுப்பவரும் முகஞ்சுளிப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் மாப்பிள்ளைமார் முதலில் இதனைக் கஞ்சத்தனம் என்று நகைப்பர். பின்னர்த் தாமே விரலிரண்டைக் காட்டிக் கேட்கத் தொடங்குவர்.

காலத்தின் மாற்றங்கள் யாவும் இச்சிறு கடைகளைத் தொட்டுச் சென்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, 1942 முதல் பர்மா அரிசி நின்றது. அரிசித் தட்டுப்பாட்டின் நடுவே பெங்களூர் மாவள்ளி டிபன் அறையார் அரிசிக்கு மாற்றாக ரவையைக் கொண்டு இட்லி செய்தனர் என்பது அவர்கள் கூறும் வரலாறு. இன்று அது விருந்துப் பண்டம். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களை வேண்டியபோது, திங்கட்கிழமை மாலைகளில் நாடெங்கும் பல உணவு விடுதிகள் அடுப்பை அணைத்தன.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் புதுக் காசு வந்தது. கணக்கு எழுதுபவன் என்ற முறையில் இதனை எண்ணும்போதெல்லாம் எனக்கு நகைப்பு வரும். ரூபாய்க்குப் பதினாறணா போய், நூறு நயாபைசா ஆயிற்று. ஓரணாவுக்கு ஆறேகால் நயாபைசா. காலுக்குக் காசில்லாமையால் ஓரணாவுக்கு ஆறு என்றும், இரண்டணாவுக்குப் பன்னிரண்டு என்றும், மூன்றணாவுக்குப் பத்தொன்பது என்றும், நாலணாவுக்கு இருபத்தைந்து என்றும் கணக்கிட்டனர். ஆகவே ஓரணாப் பண்டம் நான்கினை ஒருசேர வாங்கினால் இருபத்தைந்து. ஒவ்வொன்றாக வாங்கி அவ்வப்போது காசு கொடுத்தால் இருபத்து நான்கு! ஒரு நயாபைசாவை மிச்சப்படுத்த வடையை நான்கு தவணையில் வாங்கிய அறிஞர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சுவரில் இட்ட கோடுகள்

பலகையிட்ட கடைகளைக் காட்டிலும் எளியவை வீட்டுத் திண்ணைக் கடைகள். பாறை வெடிப்பினாலோ, சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயினாலோ கணவரை இழந்த பெண்கள் பலர் லைன்களில் இட்லி, ஆப்பம், புட்டு விற்றே பிள்ளைகளை வளர்த்தனர். என் பாட்டியாரும் அவர்களுள் ஒருவர். அவருக்கு எழுத்தறிவு இல்லை. கடன் வைத்தவர்க்கு வீட்டுச் சுவரில் கரியால் கோடிடுவார். ஒவ்வொருவர்க்கும் ஓர் அடையாளம்: உயரமானவர்க்கு நெடுங்கோடு, மீசைக்காரர்க்கு இரு வளைவு, கண்ணாடி அணிந்த மேஸ்திரிக்கு இரண்டு சுழி. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்குமுன் "சுவரு வெளுக்கப் போறேன்" என்று தெருவிற் சொல்வார். அதற்குள் கணக்கைத் தீர்ப்பது முறை. தீர்க்க இயலாதவர் வந்து தலைகுனிந்து நிற்பர். அக்கோட்டின்மீதும் சுண்ணாம்பு ஏறும். பின்னர் அவர் கேட்டதில்லை. அவ்வாறு மறைந்த கோடுகளால் குடும்பம் இழந்தது சில ரூபாய். ஆயினும் என் பாட்டியார் மறைந்தபோது அவரைச் சுமக்க வந்த தோள்கள் எங்கள் உறவினர் தொகையினும் மிகுதி.

கடனைப் பற்றிய கடைப்பலகைகள் நகைச்சுவை மிக்கவை. 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று எழுதியிருக்கும். அப்பலகையின் அடியிலேயே கடன் நோட்டு தொங்கும்! 'அரசியல் பேசாதீர்' என்றிருக்கும். முதலாளியே தொடங்கி வைப்பார். எழுதியதற்கும் நடப்பதற்கும் உள்ள இம்முரண்பாட்டில்தான் நம் கடைகளின் அழகு இருக்கிறது. எழுதியபடியே நடக்கும் பெரிய விடுதிகளில் தூய்மை இருக்கலாம். தெரிந்த முகத்திற்காக விதியைத் தளர்த்தும் உரிமை அங்குள்ள பணியாளனுக்கு இல்லை.

சங்கு நின்ற பின்

சுரங்கங்களை 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் ஏற்றன; 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கப் பணி நின்றது. சங்கொலியும் நின்றது. அன்று எனக்கு இருபது வயதைச் சற்றே கடந்த பருவம். எங்கள் வீட்டருகில் இருந்த கடைக்காரரிடம் ஒரு கடன் நோட்டு இருந்தது. வேலையிழந்தவர் பலர் பெங்களூருக்கும், ஓசூருக்கும், சென்னைக்கும் சென்றுவிட்டனர். அந்நோட்டை எரித்துவிடுமாறு அவர் மகன் கூறினான். அவர் எரிக்கவில்லை. ஈராண்டு, மூவாண்டு கழித்தும் திருவிழாவுக்கு வந்தவர்கள் தாமாகவே கடைக்குச் சென்று தம் பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பணம் கொடுத்ததை நான் நேரிற் கண்டதுண்டு. வாராதவர்களும் உண்டு. அவர்கள் பக்கங்களையும் அவர் கிழிக்கவில்லை. "கடனுக்காக இல்லப்பா, பேருக்காக வெச்சிருக்கேன்" என்றார்.

சுரங்கம் மூடப்பட்டதும் கடைகளும் மூடப்படும் என்று பலர் கருதினர். மூடப்பட்டவை உண்டு; சுரங்க வாயில்களை அடுத்திருந்தவை பெரும்பாலும் மறைந்தன. 1964-இல் தொடங்கப்பெற்ற பெமல் தொழிற்சாலை சில கடைகளைத் தாங்கியது. ஏனையவற்றைக் காத்தது புகைவண்டி. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோர் இருள் பிரியுமுன் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்புகின்றனர். பாட்டன் பூமிக்குக் கீழே இறங்கினான். பேரன் பூமியின்மேல் நெடுந்தொலைவு செல்கிறான். இருவருக்கும் விடியுமுன் ஒரு குவளைத் தேநீர் வேண்டும். ஆகவே நிலையத்தை அடுத்த கடைகள் சங்குக் கடிகாரத்தை வண்டிக் கடிகாரமாக மாற்றிக்கொண்டன. வண்டி தாமதமாயின் கடைக்காரர் இரண்டாம் முறை பால் காய்ச்சுகிறார். டிக்கட் கொடுக்கும் ஜன்னலில் எங்களிடம் கேட்குமுன்பே பயணிகள் "வண்டி எப்ப வருது?" என்று அவரிடம் கேட்டறிகின்றனர். அவர் கூறுவது பெரும்பாலும் சரியாகவே இருப்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டியவனாகிறேன்.

சிறுகடை என்று எதனையும் இகழலாகாது என்பதற்குப் பங்காருப்பேட்டையின் பானிபூரி சான்று. பிற ஊர்களில் பச்சை நிறமாக இருக்கும் அதன் சாறு, அங்கே நிறமற்றுத் தெளிந்த நீர்போல் இருக்கும், உறைப்போ குறைவதில்லை. தள்ளுவண்டியில் விற்ற அப்பண்டம், தன் ஊர்ப்பெயரைப் பெங்களூர் வீதிகளின் பலகைகளில் எழுதச் செய்துவிட்டது. பொன் எடுத்த ஊர்க்காரரான நாம் பக்கத்து ஊரின் இப்புகழைக் கண்டு பொறாமை கொள்ள வேண்டியதில்லை; நம் கடைகளின் பெயரும் நிலைபெறச் செய்யலாமே என்று எண்ணினால் போதும்.

செய்யத் தக்கது

ஷிப்டுக்கு இறங்கிய தலைமுறையினர் நம்மிடையே இன்னும் உள்ளனர். ஆண்டுதோறும் அவர் தொகை குறைகின்றது. எந்தச் சுரங்க வாயிலின் எதிரே யார் கடை இருந்தது, அங்கே எது பெயர்போன பண்டம், எந்தப் பலகையில் எந்த இதழ் படிக்கப்பட்டது, எந்தப் பாட்டி எந்த லைனில் ஆப்பம் விற்றார் என்பவற்றை அவர்களே அறிவர். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை முதல் மாரிக்குப்பம் வரை, நம் சங்கத்து இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஒரு முதியவரிடம் அமர்ந்து இவற்றைக் கேட்டு எழுதலாம். பழைய கடன் நோட்டு, பெயர்ப் பலகை, தேய்ந்த பித்தளைக் கெண்டி முதலியவை வைத்திருப்போர் அவற்றைப் பழம்பொருள் வாங்குவோரிடம் கொடாமல், படமெடுக்கவாவது சங்கத்தாரிடம் காட்டலாம். தாய்மார்கள் தம் மாமியார் காலத்துச் சட்டினியின் அளவுகளை எழுதித் தருவார்களாயின் அதுவும் வரலாறே.

இவ்வாறு ஐம்பது கடைகளின் பெயர்களேனும் தொகுக்கப்படுமாயின், அடுத்த ஆண்டு விழா மலரில் இரண்டு பக்கம் ஒதுக்கி அப்பட்டியலை வெளியிடுமாறு சங்கத்துப் பெரியோர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். என் பாட்டியாரின் திண்ணையை முதற் பெயராக எழுதித் தர நான் ஆயத்தமாக உள்ளேன். இரண்டாம் பெயரைத் தருவார் யார்?